துப்பாக்கி எளிதில் கிடைத்த காலம் எது? திண்டுக்கல் – ஆத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

முற்காலத்தைவிட இன்று துப்பாக்கி எளிதாகக் கிடைக்கிறது என்ற கருத்தும், முன்பு எளிதாகக் கிடைத்தது இன்று அரிதாகிவிட்டது என்ற கருத்தும் ஒருங்கே வழங்கி வருகின்றன. திண்டுக்கல் மாவட்டத்தின் ஆத்தூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, பாளையக்காரர் காலம் முதல் 2019ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத் திருத்தம் வரையிலான மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி கிடைப்பதையும் அதற்கான அனுமதி கிடைப்பதையும் வேறுபடுத்திக் காணாதவரை இவ்வினாவிற்குச் சரியான விடை கிட்டாது என்பதும், சட்டம் மாறிய ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை வைத்திருக்கத் தக்கவர் யார் என்பதே மாறியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஆத்தூர், திண்டுக்கல், பாளையக்காரர், படைக்கலச் சட்டம், உரிமம், பயிர்ப் பாதுகாப்பு, நாட்டுத் துப்பாக்கி.

முன்னுரை

தமிழகத்தில் ஆத்தூர் என்னும் பெயரில் ஊர்கள் பல உள்ளன. இங்குக் குறிக்கப்படுவது திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஆத்தூர் ஆகும். ஒருபுறம் காமராசர் நீர்த்தேக்கமும் அதற்கு மேல் காடடர்ந்த கீழ்ப்பழனி மலையும், மறுபுறம் சின்னாளப்பட்டி, திண்டுக்கல் வரை விரியும் சமவெளியும் அமைந்த நிலப்பகுதி இது. காடும் கழனியும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் வேட்டை, பயிர்க்காவல், ஊர்க்காவல் ஆகியவற்றில் படைக்கலத்திற்கு இங்குத் தொடர்ந்து ஓர் இடம் இருந்து வந்தது. பாளையக்காரர் போர்களின் களங்களுள் ஒன்றாகத் திண்டுக்கல் விளங்கியதால், படைக்கலப் பறிப்பு என்னும் அரசு நடவடிக்கையைத் தமிழகத்தில் முதலில் சந்தித்த பகுதிகளுள் ஒன்றாகவும் இது அமைந்தது.

ஒரு பொருள் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்கு இரு பொருள்கள் உண்டு. அதைச் செய்யவோ வாங்கவோ இயலும் என்பது ஒன்று. அதை வைத்திருக்க அரசு இசையும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எக்காலத்தும் ஒரே திசையில் நகரவில்லை. ஆகவே ஒவ்வொரு காலகட்டத்திலும் இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குவது இன்றியமையாதது.

1. பாளையக்காரர் காலம்: ஊழியத்தோடு வந்த துப்பாக்கி

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து பிற மொழிகளின் வழியே தமிழுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாகப் பகுக்கப்பட்டபோது, படை திரட்டித் தருவதும் காவல் புரிவதும் பாளையக்காரரின் கடமைகளாயின. ஆத்தூருக்கு அருகிலுள்ள கன்னிவாடியும் பழனிக்குச் செல்லும் வழியிலுள்ள விருப்பாச்சியும் திண்டுக்கல் சீமையின் குறிப்பிடத்தக்க பாளையங்கள். பாளையக்காரரின் வீரர்கள் நெடிய ஈட்டிகளையும் திரித் துப்பாக்கிகளையும் ஏந்தியதை ஆங்கிலேயப் படை அலுவலர்களின் குறிப்புகள் காட்டுகின்றன.

1755இல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பவுஜ்தாராகப் பொறுப்பேற்ற ஐதர் அலி, பிரெஞ்சுக்காரரின் வழிகாட்டுதலில் கைவினைஞர்களைத் திரட்டிப் பீரங்கிப் படையையும் படைக்கலச் சாலையையும் இங்கு அமைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே சுடுபடைக்கலத் தொழில்நுட்பம் இவ்வட்டாரத்தில் வேர்கொண்டுவிட்டது என்பதற்கு இது சான்று. வெடிமருந்துக்கு வேண்டிய கரியும், உவர்நிலங்களில் காய்ச்சப்பட்ட வெடியுப்பும் உள்நாட்டிலேயே கிடைத்தன.

எனினும், அக்காலத்தில் துப்பாக்கி எல்லார்க்கும் எளிதில் கிடைத்தது என இதனைக் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. இரும்புக் குழலைப் பற்றவைத்துச் செய்வது உழைப்பும் செலவும் மிகுந்த வேலை. திரித் துப்பாக்கியை மழையில் பயன்படுத்துவது கடினம். அதனால்தான் போர்க்களத்தில் ஈட்டி தன் இடத்தை இழக்காமல் இருந்தது. மேலும், துப்பாக்கி ஒருவனிடம் இருந்தது பெரும்பாலும் அவன் பாளையக்காரரின் சேவகனாகவோ காவற்காரனாகவோ இருந்தமையால்தான். இன்றைய பொருளில் உரிமம் என ஒன்று அன்று இல்லை. ஆனால் துப்பாக்கி ஊழியத்தோடு பிணைந்திருந்தது. உழுகுடிகளுக்கு அது பொதுவுடைமையாக இருந்தது எனக் கொள்ள இடமில்லை.

2. 1801: படைக்கலப் பறிப்பு

1790இல் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கை அச்சீமையை முறைப்படி அவர்களுக்கு உரியதாக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பாளையக்காரர் எதிர்ப்பு வலுத்தது. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். விருப்பாச்சி கோபால நாயக்கரின் முன்முயற்சியில் திண்டுக்கல் பாளையங்கள் ஒன்றிணைந்தன. 1801இல் அவரும் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்களின் முடிவோடு போர் ஓய்ந்தது.

இப்போரைத் தொடர்ந்து, 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் இதனை எடுத்துத் தந்துள்ளார். தென்சீமைகளில் பாளையக்காரர், சேர்வைக்காரர் முதலானோர் படைக்கலம் வைத்திருந்ததே கலகங்களுக்குக் காரணம் எனக் கூறிய அவ்வறிவிப்பு, அரசின் இசைவு பெற்றவை தவிர்த்த பிற படைக்கலங்களின் பயன்பாட்டை ஒடுக்கும் முடிவை அறிவித்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன; படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட வேண்டியவையாயின. பாளையக்காரரின் படை ஊழியம் முடிவுக்கு வந்தது. அவர்களுள் எஞ்சியோர் வரி செலுத்தும் நிலக்கிழார் ஆயினர்.

இந்திய அளவில் படைக்கலக் கட்டுப்பாட்டின் வரலாறு பெரும்பாலும் 1857ஆம் ஆண்டின் எழுச்சியிலிருந்தே எழுதப்படுகிறது. திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைப் பொறுத்தவரை அது அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே தொடங்கிவிட்டது. நேற்றுவரை ஒருவனின் கடமைக்கு அடையாளமாக இருந்த துப்பாக்கி, இங்கு 1801இல் ஐயத்திற்கு அடையாளமாயிற்று. இவ்வட்டாரத்தில் துப்பாக்கியின் கிடைப்பை மாற்றிய முதல் நிகழ்வு இது. அம்மாற்றம் தொழில்நுட்பத்தால் வரவில்லை; ஓர் அரசாணையால் வந்தது.

3. 1878: தகுதியோடு வந்த உரிமம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் துப்பாக்கித் தொழில்நுட்பம் விரைந்து முன்னேறியது. திரிக்கு மாற்றாகத் தட்டுத்தொப்பியும், பின்னர்ப் பின்புறம் தோட்டா இடும் முறையும் வந்தன. ஆலை உற்பத்தியால் கருவி பெருகியது. கருவி பெருகிய அதே காலத்தில் அனுமதி சுருங்கியது. 1860ஆம் ஆண்டின் சட்டத்தை அடுத்து, லிட்டன் பிரபு காலத்தில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம், படைக்கலத்தைச் செய்தல், விற்றல், வைத்திருத்தல், ஏந்திச் செல்லுதல் ஆகிய அனைத்தையும் உரிமத்திற்கு உட்படுத்தியது.

ஆனால் இச்சட்டம் எல்லார் மீதும் ஒரே அளவில் பாயவில்லை. ஐரோப்பியருக்கும் குறிப்பிட்ட பட்டமும் பதவியும் உடையோருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. குடகுப் பகுதியினருக்குத் தனி விலக்கு இருந்தது. கொடைக்கானலில் கோடையைக் கழிக்க வந்த ஐரோப்பியர் உரிமமின்றி வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கலாம். அதே மலையடிவாரத்தில் பயிரைக் காக்கும் உழவர் அதற்கென உரிமம் பெற வேண்டும். புலி, சிறுத்தை முதலியவற்றைக் கொன்றோர்க்கு அரசு வெகுமதி அளித்த காலமும் இதுவே. அதனால் பயிர், கால்நடை ஆகியவற்றின் பாதுகாப்பிற்கென விதிகளில் தனி உரிம வகைகள் இடம்பெற்றன. உழவரின் கையில் துப்பாக்கி இருப்பதை அரசு முற்றிலும் மறுக்கவில்லை. தன் அலுவலரின் மதிப்பீட்டிற்கு அதனை விட்டுவைத்தது.

உரிம முறைக்கு வெளியே துப்பாக்கி கிடைக்க வேறு வழியும் இருந்தது. அது ஆட்சி எல்லைகளின் வழியாக வந்தது. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டபோது வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஆங்கிலேயச் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரியின் தொடர்பே அதனைத் தந்தது. உள்ளூர்க் கட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருப்பினும் அருகிலுள்ள மற்றோர் ஆட்சிப்பரப்பின் சட்டம் அதன் பயனை வரையறுக்கும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

4. கோரிக்கையாக எழுந்து உரிமையாக மலராமை

படைக்கலச் சட்டத்தின் ஏற்றத்தாழ்வு தேசிய இயக்கத்தின் குறைகளுள் ஒன்றாக ஒலித்தது. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு இச்சட்டத்தைத் தளர்த்துமாறு தீர்மானம் இயற்றியது. முதல் உலகப்போருக்குப் பின் திருத்தப்பட்ட விதிகளில் இன அடிப்படையிலான விலக்குகள் குறைக்கப்பட்டன. 1930 சனவரியில் காந்தியடிகள் முன்வைத்த பதினொரு கோரிக்கைகளுள், மக்கள் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கப்படுவதும் ஒன்று. அகிம்சையை வலியுறுத்திய தலைவரே இதனைக் கோரினார் என்பது, சிக்கல் கருவியைவிடச் சமத்துவத்தைப் பற்றியதாக இருந்ததைக் காட்டும். 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் இவ்வுரிமையை அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, திருத்தம் தோல்வியுற்றது. அயலாட்சியில் இழிவாகத் தோன்றிய கட்டுப்பாடு, தன்னாட்சியில் பொது அமைதிக்குத் தேவையெனக் கருதப்பட்டது. அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் படைக்கலத்தை உரிமையாகக் கொள்ள, இந்திய அரசியலமைப்பு அதனை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டது. உரிமையாகாத ஒன்றை அரசு எவ்வளவும் குறைக்கலாம் என்பதற்கான அடிப்படை இங்கு அமைந்தது.

5. 1959: தேவையோடு வந்த உரிமம்

1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், ஆத்தூர் போன்ற வேளாண் பகுதிகளுக்குக் கருத்தளவில் தாராளமானது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்திற்குக் குறையாத குழல் கொண்ட வழவழப்புக் குழல் துப்பாக்கியையும், உண்மையான பயிர்ப் பாதுகாப்பிற்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் கோருவோருக்கு, மறுப்பதற்கான காரணங்கள் இல்லாதவிடத்து உரிமம் வழங்க வேண்டும் என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. பிற துப்பாக்கிகளுக்கு மட்டுமே தக்க காரணம் காட்ட வேண்டியிருந்தது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமம் மறுக்கலாகாது என்று 14ஆம் பிரிவு தெளிவாகக் குறிப்பிடுகிறது. தகுதியை அடிப்படையாகக் கொண்ட குடியேற்றக்கால மரபினின்று இது விலகிய இடமாகும்.

இத்தாராளம் பின்வந்த சட்டங்களால் படிப்படியாகக் குறுகியது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் காரணத்தைப் பெரும்பாலும் நீக்கியது. 1980களில் தனியார் துப்பாக்கி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1983ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றாகவும், 2019ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டாகவும் வரையறுத்தன. 2016ஆம் ஆண்டின் விதிகள் விண்ணப்பதாரருக்குப் பாதுகாப்பான கையாளுகைப் பயிற்சிச் சான்றைக் கட்டாயமாக்கின. உரிமதாரர் விவரங்கள் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண்ணோடு பதியப்படுகின்றன. 2019ஆம் ஆண்டின் திருத்தம் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியமை இவற்றிடையே அமைந்த ஒரு தளர்வு.

நடுவண் உள்துறையின் 2016ஆம் ஆண்டுத் தரவின்படி நாடெங்கும் ஏறத்தாழ 33.7 லட்சம் உரிமங்கள் இருந்தன. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் அவை 12.77 லட்சம், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், உத்தரப்பிரதேசத்தில் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 640 உரிமங்களும் தமிழ்நாட்டில் 31 உரிமங்களும் அமைகின்றன. இரு மாநிலங்களிலும் ஒரே சட்டமே செல்லுபடியாகிறது. ஆகவே வேறுபாட்டிற்குச் சட்டத்தின் வாசகம் மட்டும் காரணமாகாது. உரிமம் கேட்கும் வழக்கமும் அதனை வழங்கும் அலுவலகங்களின் போக்கும் காரணங்களாகின்றன.

6. மலையடிவார உழவரும் துப்பாக்கியும்

ஆத்தூர் வட்டாரத்தில் இவ்வினா வெறும் சட்ட ஆய்வன்று. கீழ்ப்பழனி மலையின் தோட்டங்களிலும் அடிவார வயல்களிலும் காட்டுப்பன்றி, காட்டுமாடு, யானை ஆகியவற்றால் நேரும் பயிரழிவு உழவரின் நெடுங்காலக் குறை. 1959ஆம் ஆண்டின் சட்டம் பயிர்ப் பாதுகாப்பிற்குத் துப்பாக்கி வைத்திருக்க இடம் தருகிறது. 1972ஆம் ஆண்டின் சட்டம் அதனால் விலங்கைச் சுடுவதைத் தடுக்கிறது. உடைமைக்கு ஒரு சட்டமும் பயன்பாட்டிற்கு மற்றொரு சட்டமும் என்ற இந்நிலையில், உரிமம் பெற்ற துப்பாக்கி விலங்கை வெருட்டும் ஒலிக்கருவி என்னும் அளவில் நின்றுவிடுகிறது. தேர்தல்தோறும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும் என்ற நடைமுறை, விளைச்சல் காலத்தில் அப்பயனையும் இடைநிறுத்தக்கூடும்.

அண்டை மாநிலங்களின் ஏற்பாடுகள் இங்கு ஒப்பிடத்தக்கவை. கேரள அரசு 2022இல், ஊறு விளைவிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் பொறுப்பை உள்ளாட்சித் தலைவர்களிடம் அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கி உடையோரைப் பயன்படுத்த வழிவகுத்தது. தமிழ்நாட்டில் 2025 சனவரியில் அறிவிக்கப்பட்ட முறையில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடுவர். கேரளம் உழவரின் துப்பாக்கியைப் பொதுப்பணிக்கு அழைத்தது; தமிழ்நாடு அப்பணியைத் தன் ஊழியரிடமே நிறுத்திக்கொண்டது. மேலும், மலையடிவார நிலங்கள் பல அந்த மூன்று கிலோமீட்டருக்கு உட்பட்டவை. காட்டிற்கு மிக அண்மையில் உழுவோர்க்கே இத்தீர்வு எட்டாததாகிறது. குடகுப் பகுதியினருக்கோ ஆங்கிலேயர் கால விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. இவ்வகையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெவ்வேறு சரிவுகளில் ஒரே கருவிக்கு வெவ்வேறு நிலை நிலவுகிறது.

7. உரிமமற்ற கருவி

சட்டவழி குறுகும்போது சட்டத்திற்குப் புறம்பான வழி முற்றிலும் அடைபடுவதில்லை. நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல் என்னும் செய்திகள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவார மாவட்டங்களிலிருந்து அவ்வப்போது வெளிவருகின்றன. காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காய் என்னும் வெடி, யானைகளையும் பலிகொள்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கைவினைஞரின் அரிய உழைப்பைக் கோரிய குழல், இன்று ஆலைப் பொருளாக எங்கும் கிடைக்கும் இரும்பால் அமைகிறது. இவ்வகையில் மட்டும் கருவி முன்பைவிட எளிது எனலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பறிமுதல் எண்ணிக்கை காவல்துறையின் செயற்பாட்டை அளக்கிறது; புழக்கத்தில் உள்ள துப்பாக்கிகளை அளப்பதில்லை. தேடுதல் மிகுந்த ஆண்டில் எண்ணிக்கை உயரும். தேடாத ஆண்டில் தாழும். பறிமுதல் செய்திகள் பெருகுவதைக் கொண்டு துப்பாக்கிகள் பெருகிவிட்டன என முடிவு செய்வது பிழையாகும். மறுபுறம், 2019ஆம் ஆண்டின் திருத்தம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையை ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் என்பதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என உயர்த்தியது. சட்டத்திற்குப் புறம்பாகச் செய்து விற்போர்க்கு ஏழாண்டு முதல் வாழ்நாள் வரை சிறைத்தண்டனை விதித்தது. கருவியின் விலை குறைந்திருப்பினும் அதற்காக ஒருவர் ஏற்க வேண்டிய இடர் மிகுந்துள்ளது. அவ்விடரைப் பயிர் காக்கும் நோக்கத்தோடு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் எளிய உழவரும், குற்ற நோக்கோடு வைத்திருப்பவரும் ஒரே பிரிவின்கீழ் ஏற்க நேர்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன.

பாளையக்காரர் காலத்தில் துப்பாக்கிக்கு அரசு உரிமம் தேவைப்படவில்லை. ஆயினும் கருவி அரியது, ஊழியத்தோடு பிணைந்தது. 1801ஆம் ஆண்டின் அறிவிப்பு, இந்திய அளவிலான சட்டங்களுக்கு முன்னரே திண்டுக்கல் சீமையில் அப்பிணைப்பை அறுத்தது. 1878ஆம் ஆண்டின் சட்டம் இனத்தையும் தகுதியையும் அளவுகோலாகக் கொண்டது. 1959ஆம் ஆண்டின் சட்டம் தேவையை அளவுகோலாக்கியது. இன்றைய விதிகளில் சான்றும் பதிவும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. இவற்றைப் பெற அலுவலகங்களுக்குப் பலமுறை செல்ல இயன்ற நகரவாசிக்கு உரிமம் எட்டும் தொலைவும், மலையடிவாரச் சிறு உழவருக்கு எட்டும் தொலைவும் ஒன்றல்ல.

எனவே, துப்பாக்கி முன்பைவிட இன்று எளிதா அரிதா என்னும் வினாவிற்கு ஆத்தூர் வட்டாரம் தரும் விடை இரு கூறுடையது. கருவி எளிதாயிற்று, அனுமதி அரிதாயிற்று. இவ்விரண்டிற்கும் இடையிலான இடைவெளியில்தான் நாட்டுத் துப்பாக்கியும் அவுட்டுக்காயும் இடம்பெறுகின்றன. துப்பாக்கியைத் தளர்த்துவதோ இறுக்குவதோ மட்டும் இவ்விடைவெளியைக் குறைக்காது. பயிரழிவுக்குக் காலந்தாழ்த்தாத இழப்பீடும், காட்டின் விளிம்பிலுள்ள நிலங்களுக்கு எட்டும் பாதுகாப்பு ஏற்பாடும் அமையும்போதுதான் உழவர் துப்பாக்கியை நாட வேண்டிய தேவை குறையும். படைக்கல வரலாற்றை வேளாண் வரலாற்றோடும் காட்டுயிர்க் கொள்கையின் வரலாற்றோடும் இணைத்து ஆராயும் வட்டார ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.